ஃப்ராவ் இசக்கிமுத்து

இருபத்துமூன்று கிலோ என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. வடிவு பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சரிடம் இரவல் வாங்கிய எடை மிஷின்மேல் ஏறி நின்றாள். நின்றாளே தவிர, காலடியில் ஆடும் முள்ளைப் பார்க்க வழியில்லை, பெட்டி மறைத்தது. பெட்டியை இடுப்புப் பக்கம் சாய்த்தால் முள் வேறெங்கோ ஓடியது. நான்கு வருஷம் பாரம், தாங்குதிறன், அழுத்தம் என்று படித்து முதல் வகுப்பில் தேறிய சிவில் இன்ஜினியர், ஒரு பெட்டியின் எடையைக் கண்டுபிடிக்க முடியாமல் பாளையங்கோட்டையின் மே மாத வெயிலில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள். எழுபத்தைந்தா, எழுபத்தாறா? அதில் தன் எடை ஐம்பத்திரண்டைக் கழித்தால் இருபத்துமூன்று, இல்லாவிட்டால் இருபத்துநாலு. அந்த ஐம்பத்திரண்டும் கல்லூரியில் ரத்த தானத்தன்று பார்த்தது. அதற்குப் பிறகு விசா அலைச்சலில் இளைத்திருக்கிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அப்படியானால் பெட்டி இன்னும் கனம். அம்மா இருந்தால் இந்தக் கூத்தே வேண்டாம். அம்மா ஆவுடையம்மாள் ரேஷன் கடையில் எடை போடுகிறவள். பதின்மூன்று வருஷமாக ஒரு தெருவின் அரிசியும் சீனியும் பருப்பும் அவள் கை வழியாகத்தான் போகிறது. ஒரு பையைத் தூக்கி ஒரு நொடி அந்தரத்தில் நிறுத்துவாள், நாலே கால் என்பாள், தராசில் வைத்தால் நாலே காலாகத்தான் இருக்கும். இன்றைக்குக் கடை லீவு. சாப்பிட்டுக் கை கழுவியதும், டவுன் வரைக்கும் போய் ஒரு சாமான் வாங்கிவிட்டு வந்துவிடுகிறேன், பெட்டியை நான் வந்து தூக்கிப் பார்த்துச் சொல்கிறேன், நீ மிஷினில் ஏறி விழுந்து தொலைக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். அதனால்தான் வடிவு மிஷினில் ஏறி நிற்கிறாள். அம்மா வருவதற்குள் எடையைச் சரிபண்ணி, பெட்டியைப் பூட்டி, வாசல் பக்கம் உருட்டிவிட வேண்டும். எட்டு மணிக்குச் சென்னை ரயில். அதுவரை அம்மா அந்தப் பெட்டியைத் தூக்கக் கூடாது.

பெட்டியை இறக்கிக் கட்டில்மேல் போட்டுத் திறந்தாள். ஜெர்மனியின் கிழக்குப் பக்கம் ஒரு சின்ன ஊர், அதன் பெயர் அம்மாவின் வாயில் இன்னும் நுழையவில்லை. அங்கே பழைய கட்டடங்களின் சுண்ணாம்புக் காரையை ஆராய்ச்சி செய்யும் ஒரு கூடம், அதில் மூன்று மாத இன்டர்ன்ஷிப். சுண்ணாம்பு குழைக்கவா கப்பல் ஏறிப் போகிறாய், அதற்கு இங்கே ஆளில்லையா என்று ஸ்டெல்லா டீச்சர் கூடக் கேலி பண்ணினாள். கப்பல் இல்லை டீச்சர் என்று மட்டும்தான் வடிவு சொன்னாள். மேலே அம்மா கட்டித் தந்த பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, புளிக்காய்ச்சல் பாட்டில், ஒரு வாரமாக வீடே வறுத்த வாசனையில் கிடந்தது. அதற்குக் கீழே நாலு சுடிதார், இரண்டு பேன்ட், அங்கேயும் இனிக் கோடைகாலம்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்காமல் அம்மா திணித்த ஸ்வெட்டர். ஸ்வெட்டருக்கும் கீழே, பெட்டியின் அடி வயிற்றில், ஒரு நீல ஃபைல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், எட்டு செமஸ்டர் தாள்கள், எல்லாம் ஒரிஜினல். மூன்று மாதத்துக்குப் போகிறவள் எவளும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு போகமாட்டாள். இரண்டு வாரம் முன்னால் அங்கிருக்கும் பேராசிரியர் ஒரு மடலின் கடைசியில், போகிறபோக்கில் எழுதியதுபோல் இரண்டு வரி எழுதியிருந்தார். அக்டோபரில் மேல்படிப்பு தொடங்குகிறது, உன் வேலை பிடித்திருந்தால் இடம் கிடைக்கும், ஒரிஜினல் சான்றிதழ்களைக் கையோடு கொண்டுவருவது நல்லது. இரண்டே வரி. அந்த இரண்டு வரியைத்தான் வடிவு அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா ஆகஸ்ட் இரண்டாம் தேதியைக் காலண்டரில் பேனாவால் சுற்றிப் போட்டிருக்கிறாள், ரிட்டர்ன் டிக்கெட்டின் தேதி. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வடிவு காலண்டரைப் பார்க்காமல் நடப்பாள். பொய் சொல்லவில்லையே, சொல்லாமல்தானே விட்டாள்? இடம் கிடைக்குமோ கிடைக்காதோ, கிடைக்காத ஒன்றைச் சொல்லி எதற்கு அவளைக் கலக்க வேண்டும்? கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். அங்கிருந்து, போனில். போனில் சொல்வது சுலபம், முகத்தைப் பார்க்க வேண்டாம். இப்படி நினைத்தவுடன் தன்மேலேயே ஒரு அருவருப்பு வந்தது.

ஃபைல் பீரோவில் அம்மாவின் சேலைகளுக்கு அடியில் இருந்தது. நேற்று அம்மா கடையில் இருந்தபோது எடுத்தாள். எடுத்த இடம் பள்ளமாகத் தெரியக் கூடாது என்று பழைய கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டை அங்கே வைத்து, சேலைகளை மறுபடி அடுக்கி, எட்ட நின்று உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தது. இந்தச் சாமர்த்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதே நினைத்தாள், நினைத்ததுமே பதிலும் வந்துவிட்டது. அப்பன் புத்தி. தெருவில் யாரும் அதை அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. பாளையங்கோட்டைக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள், முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவள் அப்பன் இசக்கிமுத்து பதினாலு வருஷம் முன்னால் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கென்று போனார். இரண்டு தீபாவளிக்கு வந்தார். மூன்றாவது தீபாவளிக்கு வரவில்லை. அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள், அம்மா கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். அப்பன் முகம் வடிவுக்கு ஞாபகம் இல்லை. தோளில் பையும் கையில் பெட்டியுமாக முடுக்கின் முனையில் திரும்பிய முதுகு ஞாபகம் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் தொண்டையில் மாட்டிய முள். பெட்டி கட்டும்போது அவர் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார். ஏழு வயது வடிவு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், சட்டையை மடிக்கிறார், முனகுகிறார், மறு சட்டையை மடிக்கிறார், முனகுகிறார். சந்தோஷமாக இருந்தார். இன்று காலையில் சுடிதாரை மடித்துக்கொண்டிருந்த வடிவு, ஒரு கட்டத்தில், தன் மூக்கு வழியாக ஒரு மெட்டு வந்துகொண்டிருப்பதைக் கேட்டாள். சட்டென்று நிறுத்தினாள். நிமிர்ந்தால் அறை வாசலில் அம்மா, கையில் எள்ளுப் பொடி பொட்டலம். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் டவுனுக்குப் போக வேண்டும், ஒரு சாமான் வாங்க வேண்டும் என்று ஆரம்பித்தாள். மகள் ஊருக்குப் போகிற நாளில் என்ன சாமான்? கேட்டதற்கு, வந்து காட்டுகிறேன் என்றாள். மணி மூன்றாகிவிட்டது. டவுனுக்குப் போக அரைமணி, வர அரைமணி, வாங்க எவ்வளவு நேரம் வேண்டும்? ஒருவேளை சாமான் எல்லாம் இல்லையோ? கோயில் பக்கம் எங்காவது உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாளோ? அம்மா அழுகிறவள் இல்லை. வடிவு புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள், அம்மாவைப்போல் அந்தரத்தில் நிறுத்தி. முக்கால் கிலோவா, ஒரு கிலோவா? கை ஒன்றும் சொல்லவில்லை.

ஃபைல் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். பெயர்தான் சமாளிக்க முடியாததாக இருந்தது. பத்தொன்பது வயதில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனபோது, கண்ணாடி போட்ட ஒரு அக்கா கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்காமல், சர்நேம் என்ன என்று கேட்டாள். சர்நேம் எல்லாம் கிடையாது, இனிஷியல் இ என்றாள் வடிவு. இனிஷியல் ஆகாதும்மா, விரிச்சு எழுதணும், வெறுமையா விட்டா வெளிநாட்டுல தகராறு பண்ணுவான் என்றாள் அக்கா. இசக்கிமுத்து என்று விரித்து எழுதியாகிவிட்டது. எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை, அதுதான் ஆச்சரியம். ஆறாம் வகுப்பிலிருந்து அந்தப் பெயரை எழுதுகிற வேலை அவளுடையதுதான். எந்த விண்ணப்பம் வந்தாலும் அம்மா எல்லாக் கட்டத்தையும் நிரப்புவாள், தகப்பனார் பெயர் என்ற கட்டம் வந்ததும் தாளை அவள் பக்கம் தள்ளி, நீயே எழுது என்பாள். அம்மா அந்தப் பெயரை எழுதவும் மாட்டாள், சொல்லவும் மாட்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் அந்தத் தெருவில் இன்னும் நாலைந்து பேர் உண்டு, அதனால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆவுடை பழைய காலத்து ஆள், மரியாதைக்குச் சொல்லமாட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள். மரியாதையாம், எங்கே போய் முட்டிக்கொள்வது என்று வடிவுக்குச் சிரிப்பு வரும். ரேஷன் கார்டிலிருந்து அந்தப் பெயரை நீக்க அம்மா தானே மனு எழுதிக்கொண்டு போனதும், அந்தப் பழைய அட்டையில் அதிகாரி சிவப்பு மையால் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்ததும், வரும் வழியில் அம்மா அவளுக்கு ஒரு ஐஸ் வாங்கிக் கொடுத்ததும் அவளுக்குத் தெரியும். அப்படி அடித்த பெயரை வடிவு தானே அழகான கையெழுத்தில் மறுபடி எழுதி, பாஸ்போர்ட்டில் ஏற்றி, விசாவில் ஒட்டி, விமானத்தில் ஏற்றப் போகிறாள். அம்மாவுக்கு இது தெரியாது. டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் பிடித்து நிறுத்திவிடுவார்கள் என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னாள், என்ன பெயர் என்று சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

அம்மாவுக்குத் தெரியாது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்? குழாய் நின்றதே. போன வியாழக்கிழமை, மத்தியானம், ஹாலில் லேப்டாப். ஹெட்போன் வயர் அறுந்து கிடந்தது. சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திரையில் அந்தக் கூடத்தின் அலுவலகப் பெண் உல்ரிகே வந்தாள், ஐம்பது வயது, பெரிய சிரிப்பு, பெரிய குரல். ஃப்ராவ் இசக்கிமுத்து, நான் பேசுவது கேட்கிறதா? வடிவு வாயைத் திறந்தாள், மைக் வேலை செய்யவில்லை. ஃப்ராவ் இசக்கிமுத்து? வடிவு கையை ஆட்டினாள். ஃப்ராவ் இசக்கிமுத்து! அப்போதுதான் குழாய் நின்றது. தண்ணீர் தொட்டியில் தண்ணீர் இல்லாமல் போயிருக்கலாம். பாத்திரம் முடிந்திருக்கலாம். ஆனால் உல்ரிகே நாலாவது தடவை கூப்பிட்டுவிட்டு, ஓ இப்போது கேட்கிறது என்று வேறு பேச்சுக்குப் போன பிறகு குழாய் மறுபடி திறந்தது. அப்படியானால் பாத்திரம் முடியவில்லை. அப்படியானால் தண்ணீர் இருந்தது. இந்த எட்டு நாளில் வடிவு இதை எத்தனை தடவை கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை. மூன்றாவது கூப்பிடலுக்கு நின்றது, நாலாவதுக்குப் பிறகு திறந்தது. இடையில் ஒரு இருபது நொடி. அந்த இருபது நொடி அம்மா கையில் என்ன பாத்திரம் இருந்திருக்கும்? பேசி முடித்ததும் அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பொம்பளைக்கு எத்தனை வயசிருக்கும் என்று மட்டும் கேட்டாள். ஐம்பது இருக்கும் என்றாள் வடிவு. ம் என்றாள் அம்மா. அவ்வளவுதான். அன்று சாயந்திரம் ஃப்ராவ் என்றால் என்ன என்று வடிவு தேடிப் பார்த்தாள். கல்யாணம் ஆனவளுக்கும் அதுதான், ஆகாதவளுக்கும் அதுதான். செல்வி இல்லை, திருமதிதான். திருமதி இசக்கிமுத்து. இந்த வீட்டில் திருமதி இசக்கிமுத்து என்று ஒருத்தி இருந்தாள் என்றால் அது சமையலறையில் குழாயை மூடிவிட்டு நின்றவள்தான். எங்கேயோ குளிர் நாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, சிரித்துக்கொண்டே, அம்மாவை, நாலு தடவை அந்தப் பெயரால் கூப்பிட்டுவிட்டாள். வடிவுக்கு அதை நினைத்தாலே காது மடல் சுட்டது.

போனை எடுத்துப் பார்த்தாள். அம்மா அழைக்கவில்லை. உல்ரிகேயின் மடல்தான் இன்னும் பதில் இல்லாமல் கிடந்தது. உங்கள் அறைக் கதவின் பெயர்ப் பலகைக்கும் அடையாள அட்டைக்கும் ஃப்ராவ் இசக்கிமுத்து என்று போடுகிறோம், எழுத்துகள் சரிதானா, வெள்ளிக்கிழமை வேலை முடிவதற்குள் சொல்லுங்கள். வடிவு ஒரு பதில் எழுதி வைத்திருந்தாள். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அது என் தந்தையின் பெயர், தயவுசெய்து வடிவு என்று மட்டும் போடுங்கள். எழுதி மூன்று நாளாயிற்று, அனுப்பக் கை வரவில்லை. பாஸ்போர்ட்டில் ஒன்று கதவில் ஒன்று என்றால் ஏதாவது தகராறு வருமோ? அது சாக்கு. உண்மை வேறு. அந்தப் பெயரைக் கதவிலிருந்து எடுத்துவிட்டால் மட்டும் என்ன ஆகிவிடும்? ஃபைல் பெட்டியில் இருக்கிறது, மெட்டு மூக்கில் இருக்கிறது. அவள் சந்தோஷமாக இருக்கிறாள், அதுதான் விஷயம். பயமும் இருக்கிறது, விமானம் எப்படி ஏறுவது, கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா என்றெல்லாம் இருக்கிறது, ஆனால் அதற்கெல்லாம் அடியில் ஒரு சந்தோஷம் அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கிப் பொங்கி வருகிறது. ஒரு ஜன்னல் உள்ள அறை. அதில் தான் மட்டும். யாரும் ஆவுடை மகளா என்று கேட்காத தெரு. யாரும் பாவம் என்று பார்க்காத கடை. இந்தச் சந்தோஷம் இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்கு வந்தது, அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு முடுக்கின் முனையில் திரும்பினார். அவர் பெயரிலேயே அவளும் போகிறாள். பெயர்ப் பொருத்தம் பிரமாதம் என்று ஒரு கசப்பான சிரிப்பு வந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குப் போனாள். அங்கே அலமாரியில் எல்லாப் பாத்திரத்திலும் பெயர் இருந்தது, சு. ஆவுடை, ஆவுடை, வடிவு, ஆவுடை. பெயர் வெட்டாத பாத்திரம் அம்மாவுக்குப் பாத்திரமே இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் துஷ்டி வீட்டுக்குப் போனாலும் பெயர் இருந்தால் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும் என்பாள், அப்படித்தான் வந்துகொண்டும் இருக்கின்றன. கடைசி மூலையில் அரிசி போட்டு வைக்கும் பெரிய எவர்சில்வர் தவலை மட்டும் பெயரைச் சுவர்ப் பக்கம் காட்டிக்கொண்டு நின்றது. கல்யாணத்துக்கு வாங்கியது, அதில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. பத்து வயதில் ஒருநாள் வடிவு அதைத் துடைக்கிற சாக்கில் முன்பக்கம் திருப்பி வைத்தாள். அம்மா கடையிலிருந்து வந்தாள், பார்த்தாள், அரிசி நிறைந்த தவலையை ஒரு கையால் திருப்பி வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். வடிவு தண்ணீர் குடித்தாள். வடிவு என்று வெட்டிய டம்ளரில்தான் குடித்தாள், விளிம்பில் ஒரு சொட்டை. அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். வந்தவுடன், செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட வேண்டும். இல்லை, ரயில் ஏறும்போது. இல்லை, அங்கே போய்.

நாலே முக்காலுக்கு அம்மா வந்தாள். முகமெல்லாம் வெயில், சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மஞ்சள் பையிலிருந்து நியூஸ்பேப்பர் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். முகூர்த்த நாள் நெருங்குகிறது, பாத்திரக் கடையில் நிற்க இடமில்லை, அதனால்தான் இவ்வளவு நேரம் என்றாள். வடிவு பேப்பரைப் பிரித்தாள். ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன், மூடி போட்ட ஒரு டிபன் டப்பா, மூன்றும் புத்தம் புதுசு. டம்ளரின் வயிற்றில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது, டப்பா மூடியிலும், இடமே இல்லாத அந்த ஸ்பூன் காம்பிலும் பொடி எழுத்தில் வெட்டியிருந்தது. வடிவு இசக்கிமுத்து. டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மறுபக்கம் வேறு ஏதாவது இருக்கும் என்பதுபோல்.

‘டிக்கெட்டுல, பாஸ்போர்ட்டுல எல்லாத்துலயும் ஒரே பேரு இருக்கணும், ஒரு எழுத்து மாறுனாலும் பிடிச்சு வச்சுருவாவன்னு நீதான சொன்ன’ என்றாள் அம்மா. ‘வெறும் வடிவுன்னு வெட்டிக் குடுத்து, இது ஒஞ் சாமான் இல்லன்னு அங்க பிடுங்கிக்கிட்டாவன்னா என்ன செய்வ?’

பெட்டியில் இருநூறு சாமான் இருக்கிறது, எதிலும் பெயர் இல்லை, ஒரு ஸ்பூனில் பெயர் பார்க்க எந்த நாட்டு விமான நிலையத்திலும் ஆள் போட்டிருக்கமாட்டார்கள். வேறு நாளாக இருந்தால் வடிவு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது அவளுக்கு வேறு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது, கேட்கவும் பயமாக இருந்தது.

‘கடையில பேரு யாரும்மா சொன்னா?’

‘நாந்தான் சொன்னேன். வேற யாரு சொல்லுவா?’ அம்மா ஃபேனுக்கு நேராக உட்கார்ந்தாள். ‘மிஷின் சத்தத்துல அவனுக்குக் கேக்கல. ரெண்டாவது தடவ சத்தமா சொன்னேன். கடையில நின்னவ எல்லாரும் திரும்பிப் பாத்தாவ.’

இத்தனை வருஷம் இந்த வாய் சொல்லாத பெயர், டவுனில் ஒரு கூட்டம் நிறைந்த பாத்திரக் கடையில், மிஷின் சத்தத்துக்கு மேலே. அம்மா என்ன குரலில் சொல்லியிருப்பாள்? ரேஷன் கடையில் கார்டைப் பார்த்துக் கூப்பிடுகிற குரலிலா? அதற்குள் அம்மா எழுந்து டம்ளரையும் ஸ்பூனையும் டப்பாவுக்குள் போட்டு, டப்பாவைச் சுடிதார்களுக்கு மேலே வைத்து, பெட்டியை மூடி, வடிவு வேண்டாம் என்று சொல்வதற்குள் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். ஒரு நொடி அந்தரத்தில் நிறுத்தினாள். புருவம் லேசாகச் சுருங்கியது. இறக்கி வைத்தாள், கைப்பிடியை விடவில்லை. இருபத்துநாலரை என்றாள். பிறகு, துணி இப்படி இழுக்காது, இது காகிதம் இழுக்கிற இழுப்பு என்றாள், யாரிடமோ சொல்வதுபோல். பெட்டியைத் திறந்தாள். பொடிகளை எடுத்தாள், துணிகளை எடுத்தாள், ஸ்வெட்டரை எடுத்தாள். நீல ஃபைல் தெரிந்தது. அதைக் கையில் எடுத்து ரப்பர் பேண்டை விலக்கி முதல் தாளைப் பார்த்தாள். வெளியே ஸ்டெல்லா டீச்சர் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

‘மூணு மாசத்துக்கு எதுக்குட்டி பத்தாங் கிளாஸ் மார்க் ஷீட்டு?’

இதுதான் என்று வடிவுக்குத் தெரிந்தது. போனில் இல்லை, ரயிலில் இல்லை. பேராசிரியரின் இரண்டு வரியைச் சொன்னாள், அக்டோபரைச் சொன்னாள், இரண்டு வருஷம் என்றாள், கிடைத்தால்தான் என்றாள், கிடைக்காமலும் போகலாம் என்றாள். நான் அப்படி இல்லம்மா என்று கடைசியில் சொன்னாள். எப்படி என்று இருவருக்கும் தெரியும், அதனால் அம்மா கேட்கவில்லை. தாள்களைச் சரியாக அடுக்கி, ரப்பர் பேண்டைப் போட்டாள். காலண்டரைப் பார்த்தாளா என்று வடிவு பார்த்தாள், பார்க்கவில்லை. புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள், எள்ளுப் பொடியையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள், கொஞ்சம் யோசித்து ஸ்வெட்டரையும் அங்கேயே போட்டாள். ஒரு வாரம் உட்கார்ந்து வறுத்து இடித்ததில் பாதிக்குமேல் ஜன்னலுக்குப் போயிற்று. ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு, ‘காகிதத்த அடியில போடாத, மடங்கிரும். துணிக்கு நடுவுல வை’ என்றாள், தானே வைத்தாள். வடிவுக்கு அப்போதுதான் உடைந்து அழ வேண்டும்போல் இருந்தது, அழுதாள். அம்மா அழவிட்டுவிட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டில் மூலையில் போன் கிடந்தது, அனுப்பாத அந்த மடலோடு. வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள், எழுதியிருந்ததை அழித்தாள், எழுத்துகள் சரிதான் என்று மட்டும் எழுதி அனுப்பினாள். டப்பாவைத் திறந்து டம்ளரை வெளியே எடுத்த அம்மா, அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டுகிறவள்போல் பார்த்தாள்.

‘அன்னைக்கு அந்தப் பொம்பள கம்ப்யூட்டர்ல கூப்புட்டாள்லா, கேட்டேன். என்னையத்தான் யாரோ கூப்புடுதாவன்னு நெனச்சேன்’ என்றாள். ‘இனிமே அங்க தெனமும் ஒன்ன இப்படித்தான கூப்புடுவாவ. அவ்வளவு பேரு கூப்புடுததுக்கு முந்தி நான் ஒரு தடவ கூப்புட்டுக்கிடுதேன்.’

தொண்டையைச் செருமிக்கொண்டாள். ரேஷன் கடைக் குரல் இல்லை, வேறு ஒரு குரல், வடிவு அதுவரை கேட்காதது.

‘வடிவு இசக்கிமுத்து.’

‘என்னம்மா.’

‘ஒண்ணுமில்ல’ என்றாள் அம்மா. ‘பெட்டிய மூடு, மணியாகுது.’